கட்டும் வளையமும் இழுக்கும் கொக்கியும்

எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் வண்டிகள் முதன்முதலாகப் பெருந்தொகையில் உருவான இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சேற்றில் புதைந்த வண்டியை மீட்பது பல வேளைகளில் மனித உடல்வலிமையை நம்பிய வேலையாக இருந்தது. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள அந்த வண்டியின் பக்கங்களில் கைப்பிடிகள் இருந்தது, வீரர்கள் சூழ்ந்து நின்று அதைத் தூக்கி நகர்த்துவதற்காகவே. பின்புறத்தில் இருந்த பின்டில் கொக்கி, அதாவது மேல்பகுதி மடிந்து பூட்டிக்கொள்ளும் இழுவைக் கொக்கி, டிரெய்லரையும் சிறு பீரங்கியையும் இழுத்துச் செல்வதற்கானது. புதைந்த வண்டியை வெளியே இழுப்பதற்கென்று வலிமை கணக்கிட்டு அமைக்கப்பட்ட பிடிப்பிடம், இன்று மீட்புப் புள்ளி எனப்படுவது, அந்த ஜீப்பின் வடிவமைப்பில் தனி இடம் பெறவில்லை.

போருக்குப் பின் இந்த வண்டிகள் வயலுக்கும் சுரங்கத்துக்கும் அணை கட்டும் இடங்களுக்கும் சென்றன. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், தகட்டை அழுத்தி வடிவாக்கும் பெரிய இயந்திரங்களுக்குச் செலவிட வழியில்லாத நிலையில், தட்டையான எஃகுத் தகடுகளை வெட்டி, நான்கு பக்கமும் பற்றவைத்துப் பெட்டி வடிவில் ஆக்கப்பட்டது. எடை குறைவாகவும் விறைப்பு மிகுதியாகவும் அமைந்த அந்தச் சட்டத்தின் உட்புறம் வெறுமையாக இருந்ததால், அங்கே தேங்கிய ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் துருவை வளர்த்தது. பிற்காலத்தில் மீட்புப் புள்ளிக்காக அதில் போல்ட் பூட்ட முனைந்தவர்கள் பலர் எதிர்கொண்ட சிக்கலின் வேர் இதுவே. ஆஸ்திரேலியாவில், 1949-இல் தொடங்கிய பனிமலை நீர்மின் திட்டப் பணிகளுக்காக லெஸ்லி தீஸ் என்ற ஒப்பந்ததாரர் 1950-களின் பிற்பகுதியில் டொயோட்டா லேண்ட் குரூசர்களை இறக்குமதி செய்தார். 1962-இல் நிலவியலாளர் ரெக் ஸ்பிரிக் தம் குடும்பத்துடன் நிசான் பேட்ரோல் வண்டியில் சிம்சன் பாலைவனத்தைக் கடந்தது, அப்பாலைவனத்தை மோட்டார் வண்டி கடந்த முதல் பயணமாகும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் இணைவரிசையாகக் கிடக்கும் அந்நிலத்தில் வண்டி புதைவது விதிவிலக்கன்று, அன்றாட நிகழ்வு.

ஜப்பானிலிருந்து கப்பலேறிய வண்டிகளின் சேசிஸ் முனைகளில் சிறு எஃகுக் கண்கள் இருந்தன. கடலில் கப்பல் ஆடும்போது வண்டி நகராதபடி தளத்தோடு கட்டி நிறுத்துவதற்காக அவை வைக்கப்பட்டன. கீழ்நோக்கிச் சரிவாக வரும் நிதானமான இழுவையைத் தாங்கினால் அவற்றுக்குப் போதும். வண்டி கரையிறங்கிய பின்பும் அவை அகற்றப்படாமல் நின்றதால், கயிறு மாட்டுவதற்கென்றே அமைந்தவை போலத் தோன்றின. பிரிட்டனில் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் உண்டு. ராணுவ வான்வழிப் போக்குவரத்துக்கான கூட்டு அமைப்பு, லேண்ட் ரோவரை விமானத்துக்குள் கட்டி வைக்கவும் ஹெலிகாப்டரின் அடியில் தொங்கவிட்டுக் கொண்டுசெல்லவும் வடிவமைத்த தடித்த வளையங்கள், அவ்வமைப்பின் ஆங்கில முதலெழுத்துகளால் ஜேட் வளையங்கள் என்று பெயர்பெற்றன. ஒரு வண்டியின் எடையை வானில் தாங்க வேண்டிய பொருள் என்பதால் அவை உண்மையான வலிமையோடு பிறந்தன. பின்னர்ப் பொதுமக்களின் பழைய லேண்ட் ரோவர்களிலும் மீட்புப் புள்ளிகளாக இடம்பிடித்தன. இரண்டுமே கட்டுவதற்காகச் செய்யப்பட்டவைதாம். ஆனால் எவ்வளவு சுமைக்கு என்ற கணக்கு இரண்டிலும் வேறு.

அந்தக் கணக்கைக் கடுமையாக்கியது நைலான். சங்கிலியும் கம்பிவடமும் வின்ச்சும், அதாவது வடத்தைச் சுருட்டி இழுக்கும் உருளைப் பொறியும், மெதுவாக இழுப்பவை. நீளும் தன்மையுள்ள நைலான் பட்டையோ, மீட்கும் வண்டி சிறிது ஓடி வரும்போது தன் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீண்டு, அந்த ஆற்றலைத் தேக்கி, சுருங்கும்போது புதைந்த வண்டியைப் பிடுங்கி எடுக்கிறது. ஸ்நாட்ச் ஸ்ட்ராப் என்று பரவிய இக்கருவி, தனியாகச் செல்லும் இரண்டு வண்டிகளுக்குள் மீட்பை எளிதாக்கியது. அதே வேளையில் பிடிப்பிடத்தின் மேல் முன்பு இல்லாத சுமையை ஏற்றியது. இரண்டரை டன் எடையுள்ள வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதிலுள்ள ஆற்றல் சுமார் 38,600 ஜூல். அதே வண்டியை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்தத் தேவையான அளவு அது. புதைவின் எதிர்ப்பும் சிறிதன்று: சக்கரம் வரை புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமாகவும், மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்காகவும் எதிர்ப்பைக் கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க ராணுவ மீட்புக் கையேடுகளின் விதி.

விபத்துகள் இங்கிருந்தே தொடங்கின. டிரெய்லரை மாட்டும் டோ பால் என்னும் எஃகு உருண்டை சீரான இழுவைக்கானது. அதில் பட்டையை மாட்டி இழுத்தபோது உருண்டையின் கழுத்து முறிந்து, நீண்டிருந்த நைலான் அதைக் கண்ணாடியைத் துளைத்து எறிந்த நிகழ்வுகளில் ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயின. அதன்பின் அந்நாட்டு அரசு மீட்புப் பட்டைகளுக்குக் கட்டாயப் பாதுகாப்புத் தரம் விதித்து, பட்டையின் குறைந்தபட்ச முறிவலிமை வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்க வேண்டும் என்ற அறிவுரையைப் பட்டையோடு சேர்க்கச் செய்தது. உயிர்ப்பலிக்குப் பிறகே வந்தது என்றாலும், இத்துறையில் பொதுமக்களைச் சென்றடைந்த மிகப் பயனுள்ள சொற்கள் அவை எனலாம்.

பழைய வண்டிக்கு மீட்புப் புள்ளி பொருத்தும் முறையும் இந்த அனுபவங்களிலிருந்தே உருப்பெற்றது. கப்பல் கண்கள் கழற்றப்பட்டு, தடித்த எஃகுத் தகட்டால் ஆன கொக்கியோ வளையமோ சேசிஸின் நீளவாட்டில், குறைந்தது இரண்டு போல்ட்டுகளால் பூட்டப்படுகிறது. போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் பொறித்திருந்தால், அதன் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் எண்பது விழுக்காடு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று பொருள்; எண் இல்லாத போல்ட்டுக்கு இங்கே இடமில்லை. பெட்டிச் சட்டத்தின் ஊடாகப் போல்ட்டைச் செலுத்தி முறுக்கினால் மெல்லிய சுவர்கள் உள்வாங்கிவிடும் என்பதால், துளைக்குள் எஃகுக் குழாய் ஒன்றைச் செருகி, போல்ட் அதன் வழியே செலுத்தப்படுகிறது. முன்புறத்தில் இரு சட்டங்களிலும் ஒவ்வொரு புள்ளி அமைத்து, இரண்டையும் ஒரு துணைப்பட்டையால் இணைத்து இழுத்தால், சுமை ஒரே பக்கத்தில் விழுந்து சட்டத்தைத் திருகுவதில்லை. பின்புறத்தில், டோ பாலைத் தாங்கும் தண்டை உருவிவிட்டு, அது செருகியிருந்த சதுரக் குழாயில் ஷேக்கிள் மாட்டும் எஃகுக் கட்டை செருகப்படுகிறது. ஷேக்கிள் என்பது குறுக்கே திருகாணி பூட்டும் வளைகொக்கி. அதன் உடலில் தாங்குசுமை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவை அனைத்தையும் தாங்குவது சேசிஸ்தான் என்பதைக் கடைகளில் விற்கும் பளபளப்பான வளையங்கள் மறக்கச் செய்கின்றன. ஐம்பது ஆண்டு பழைய சட்டத்தைப் போல்ட் துளையிடும் இடத்தில் சுத்தியலால் தட்டினால், நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த எஃகு மந்தமாக ஒலித்து, சில வேளைகளில் சுத்தியல் முனைக்கே வழிவிடும். அத்தகைய சட்டத்தில் எவ்வளவு உயர்ந்த தரமுள்ள மீட்புப் புள்ளியைப் பூட்டினாலும் அது ஆபத்தே. அரித்த பகுதியை வெட்டி நீக்கிப் புதிய தகடு வைத்து முறையாகப் பற்றவைத்த பிறகே வளையத்தைப் பற்றி எண்ண வேண்டும்.