குன்றல் பகுப்பு கண்டறியப்பட்ட வரலாறு

குன்றல் பகுப்பு அல்லது மியாசிஸ் என்பது செல்லின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கும் செல் பகுப்பு ஆகும். விலங்குகளில் விந்தணுவும் அண்டமும் இம்முறையில்தான் உருவாகின்றன. மனிதனின் உடற்செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இனச்செல்லில் 23 மட்டுமே. இன்று பாடநூலில் ஒரே படமாக அடங்கிவிடும் இச்செய்தியை அறிய, அறிவியலாளர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

கேள்வி பிறந்த விதம்

1876இல் ஜெர்மானிய அறிஞர் ஆஸ்கர் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கருவுறுதலின்போது விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றுசேர்வதை விளக்கினார். 1882இல் வால்தர் பிளெமிங், உடற்செல் பிரியும்போது உட்கருவில் தோன்றும் இழைகள் நீளவாக்கில் பிளந்து இரு சேய்ச்செல்களுக்கும் சமமாகச் செல்வதை விவரித்து, அதற்கு மைட்டாசிஸ் என்று பெயரிட்டார். அவ்விழைகளுக்குக் குரோமோசோம் என்ற பெயரை வால்டேயர் 1888இல் வழங்கினார்.

இவ்விரு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சிக்கல் எழும். இரு உட்கருக்கள் சேரும்போது குரோமோசோம்கள் இரட்டிக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையிலும் அவை பெருகிக்கொண்டே போகாதா?

குதிரைப்புழு தந்த விடை

பெல்ஜிய அறிஞர் எதுவார் வான் பெனடன், குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவைத் தேர்ந்தெடுத்தார். அதன் குரோமோசோம்கள் பெரியவை. எண்ணிக்கையிலும் மிகக் குறைவு. விந்தணுவிலிருந்து 2, முட்டையிலிருந்து 2 என வந்து, கருமுட்டையில் 4 குரோமோசோம்கள் இருப்பதை 1883இல் அவர் காட்டினார். தாயும் தந்தையும் சம பங்கு தருகின்றனர் என்பது இதனால் தெளிவாயிற்று.

பிரைபர்க் பல்கலைக்கழகத்தின் ஆகஸ்ட் வைஸ்மன், பார்வைக் குறைபாட்டால் நுண்ணோக்கிப் பணியைத் தொடர இயலாமல் கோட்பாட்டு ஆய்வுக்குத் திரும்பியவர். இனச்செல்கள் உருவாகும் வழியில் மரபுப்பொருள் பாதியாகக் குறையும் ஒரு பகுப்பு இருந்தே ஆக வேண்டும் என்று அவர் 1887இல் வாதிட்டார். 1890இல் ஹெர்ட்விக், அதே உருளைப்புழுவில் விந்தணுவும் முட்டையும் உருவாவதை ஒப்பிட்டு ஆராய்ந்தார். இரண்டிலும் அடுத்தடுத்து இரு பகுப்புகள் நிகழ்கின்றன. ஒரு விந்துத் தாய்ச்செல் நான்கு விந்தணுக்களைத் தருகிறது. ஒரு முட்டைத் தாய்ச்செல்லோ ஒரே முட்டையையும், பயனின்றி அழியும் சிறு துருவச் செல்களையும் தருகிறது. ஒருமுறை இரட்டித்து இருமுறை பிரிவதால் எண்ணிக்கை பாதியாகிறது.

மெண்டலுடன் இணைந்த பாதை

மெண்டலின் பட்டாணி ஆய்வு 1866இல் வெளிவந்து, கவனிப்பாரின்றிக் கிடந்து, 1900இல் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. கன்சாஸ் மாநிலப் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த வால்டர் சட்டன், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வெட்டுக்கிளியின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். அளவு ஒத்தவை இணைஇணையாகச் சேர்வதையும் பின்னர்ப் பிரிவதையும் கண்டு, மெண்டல் கூறிய காரணிகள் பிரியும் முறையும் இதுவே என்று 1902, 1903ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் எழுதினார். ஜெர்மனியில் தியோடர் போவரியும் தம் வழியில் இதே முடிவை நெருங்கினார். சட்டன் பின்னர் அறுவை மருத்துவராகி, 1916இல் தம் 39ஆம் வயதில் மறைந்தார்.

1905இல் இங்கிலாந்தின் பார்மரும் மூரும், 'குறைதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து மியாசிஸ் என்ற பெயரை உருவாக்கினர். 1909இல் பெல்ஜியத்தின் யான்சன்ஸ், இணைந்த குரோமோசோம்கள் குறுக்கே தொட்டு நிற்கும் இடங்களில் துண்டுகள் மாறிக்கொள்கின்றன என்று கருதினார். மக்காச்சோளத்தில் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்லின்டாக்கும் 1931இல் இதற்கு நேரடிச் சான்று அளித்தனர்.

மனிதரில்

மனிதக் குரோமோசோம்கள் 48 என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 46 என்பதை ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவனும் 1956இல் நிறுவினர். 23 இணைகளும் தற்போக்காகப் பிரிவதால் மட்டுமே ஒருவரிடம் 83,88,608 வகை இனச்செல்கள் உருவாக முடியும். துண்டுப் பரிமாற்றத்தையும் சேர்த்தால் வகைகளுக்குக் கணக்கே இல்லை. ஒரே பெற்றோரின் பிள்ளைகள் வேறுபட்டிருப்பதன் காரணம் இதுவே.

சில வேளைகளில் இணை பிரியாமல் ஒரே செல்லுக்குச் சென்றுவிடும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம் 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதை ஜெரோம் லெஜூன், மார்த்தே கோத்தியே, ரேமோன் தூர்ப்பன் ஆகியோர் 1959இல் அறிவித்தனர். பெண்ணின் முட்டைத் தாய்ச்செல்கள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குன்றல் பகுப்பைத் தொடங்கி இடையில் நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்தே அது தொடர்கிறது. தாயின் வயது கூடும்போது பிழைக்கான வாய்ப்பும் கூடுவதற்கு இந்நீண்ட காத்திருப்பு ஒரு காரணம். எனினும் எந்த வயதிலும் இது நேரலாம்.

இக்குழந்தைகளின் பிறப்பைத் தாயின் பாவம், குடும்பத்தின் சாபம் என்று பேசுவோர் இன்றும் உண்டு. குதிரைப்புழுவிலும் வெட்டுக்கிளியிலும் தொடங்கிய இந்த ஆய்வுகள் சொல்வது வேறு. அது செல் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழை. யாருடைய குற்றமும் அன்று. குன்றல் பகுப்பைப் படிக்கும் மாணவர், தேர்வு முடிந்த பின்னும் மறக்கக் கூடாத பகுதி இதுவே.