லினக்ஸ் கணினியில் இணைய இணைப்புக் கோளாறு

வீட்டில் பயன்படுத்தும் லினக்ஸ் கணினியில் இணையம் வராமல் போகும்போது காரணத்தைக் கண்டறிந்து அமைப்புகளைச் சரிசெய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட் ஆகிய பரவலான வழங்கல்களில் இதற்கான வழி ஏறத்தாழ ஒன்றே. இவற்றின் டெஸ்க்டாப் பதிப்புகளில் கேபிள், வைஃபை இரண்டையும் கவனித்துக்கொள்வது, 2004இல் ரெட் ஹாட் நிறுவனம் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர் என்னும் நிரல்.

‘இணையம் வரவில்லை’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். எனவே எதையும் மாற்றுவதற்கு முன், இணைப்பு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்டபடி மாற்றிப் பார்த்தால் ஒரு கோளாறு இரண்டாகும்.

அதே ரவுட்டரோடு இணைந்த கைபேசியிலும் இணையம் இல்லையென்றால் சிக்கல் கணினியில் இல்லை. கைபேசியில் வந்தால், டெர்மினலைத் திறந்து ‘ஐபி’ கட்டளையால் கணினியின் பிணைய அட்டைகளையும் முகவரிகளையும் பட்டியலிடலாம். பழைய கையேடுகள் சொல்லும் ‘இஃப்கான்ஃபிக்’ இன்று பல வழங்கல்களில் தானாக நிறுவப்படுவதில்லை. வைஃபை அட்டை பட்டியலிலேயே இல்லையென்றால் பெரும்பாலும் டிரைவரோ ஃபர்ம்வேரோ குறைகிறது. பிராட்காம் சில்லு கொண்ட மடிக்கணினிகளில் இது பழகிய தொல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர்கள் பலவற்றை நிறுவியிலேயே சேர்த்துத் தந்தது நல்ல முடிவு.

வீட்டுப் பிணையத்தில் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். முகவரியே இல்லாவிட்டாலோ, 169.254 என்று தொடங்கினாலோ, முகவரிகளை வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபி சேவையிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைப்பதே முதல் மருந்து.

முகவரி கிடைத்திருந்தால் அடுத்து ‘பிங்’. மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய இந்தச் சிறு நிரலுக்கு ஈடான கருவி இன்றும் இல்லை. முதலில் ரவுட்டரின் முகவரி, பிறகு 8.8.8.8 போன்ற வெளி முகவரி, கடைசியாக ஏதேனும் ஒரு தளத்தின் பெயர் என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும். ரவுட்டர் பதில் தந்து வெளி முகவரி தராவிட்டால் இயல்பு வழியைப் பார்க்க வேண்டும்; அறுந்துபோன விபிஎன் இணைப்பு விட்டுச்சென்ற வழி அங்கே குறுக்கே நிற்கலாம்.

எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் வராவிட்டால் கோளாறு, பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. தவறான திருத்தங்கள் அதிகம் நடப்பதும் இங்கேதான். ‘ரிசால்வ் டாட் கான்ஃப்’ கோப்பைத் திறந்து 8.8.8.8 என்று எழுதிச் சேமித்தால் உடனே இணையம் வந்துவிடும். கணினியை அணைத்துப் போட்டதும் அந்த வரி காணாமல் போகும். அக்கோப்பை நெட்வொர்க் மேனேஜரோ சிஸ்டம்டி ரிசால்வ்டியோ தானே எழுதுவதுதான் காரணம். உபுண்டுவில் அக்கோப்பில் தெரியும் 127.0.0.53 என்ற முகவரியும் பிழையன்று. கணினிக்குள்ளேயே இயங்கும் ரிசால்வ்டியின் முகவரி அது. நிலையான மாற்றத்துக்கு, நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்பின் ஐபிவி4 பகுதிக்குச் சென்று, தானியங்கி டிஎன்எஸ்ஸை நிறுத்திவிட்டு, 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று தர வேண்டும். பிறகு இணைப்பை ஒருமுறை துண்டித்து இணைத்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

பிங் எல்லாம் சரியாக இருந்தும் உலாவி மட்டும் சான்றிதழ்ப் பிழை காட்டினால், கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது. சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால் ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியூவைச் சந்தேகிக்கலாம்: ஈதர்நெட்டுக்கு 1500 பைட், பிபிபிஓஇ இணைப்புக்குப் பொதுவாக 1492.

இவ்வளவுக்கும் பிறகு பிறரிடம் உதவி கேட்க நேர்ந்தால், ‘ஐபி’ கட்டளையும், கணினியின் பதிவுகளைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையும் தந்த வரிகளை அப்படியே நகலெடுத்துக் கொடுங்கள்.