அடக்கப் பதிவேட்டின் ஒரு வரி



உங்கள் முன்னோரைத் தேடப் புறப்பட்டால், என்றாவது ஒருநாள் ஓர் ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டின் முன் வந்து நிற்பீர்கள். நெடுநாள் வாழ்ந்தவர்களைக் குடும்பம் நினைவில் வைத்திருக்கும். மூன்று மாதத்தில் மறைந்த தலைச்சன் பிள்ளையையும், மகப்பேற்றில் இறந்த முதல் மனைவியையும் பெரும்பாலும் அந்தப் பதிவேடு மட்டுமே அறியும்.

இவ்வழக்கத்தின் வரலாறு நீண்டது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு திருச்சபையும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதிவைக்க வேண்டுமென 1538-இல் கட்டளையிட்டார். இது புதிய வரிக்கான சூழ்ச்சியோ என்று மக்கள் அஞ்சினார்கள். 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகல் பேராயருக்கு அனுப்பப்பட்டது. மூலம் அழிந்த இடங்களில் இன்று அந்த நகலே துணை நிற்கிறது. 1813 முதல் பெயர், வசிப்பிடம், அடக்க நாள், வயது, நடத்திய குருவானவர் எனக் கட்டமிட்ட அச்சுப் படிவம் வந்தது. அதற்கு முன்போ பல பக்கங்களில் ஒரு நாளும் ஒரு பெயரும் மட்டுமே உண்டு. சில வரிகளில், ‘இன்னாருடைய குழந்தை’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

இவற்றை வாசிக்கையில் கவனம் தேவை. எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அடக்க நாளேயன்றி இறந்த நாள் அன்று. 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஆகவே 1700 பிப்ரவரி என்று எழுதியிருந்தால், நம் கணக்கில் அது 1701. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. ஏழைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

டெர்பிஷயரிலுள்ள ஈம் என்னும் சிற்றூரின் பதிவேடு நம் சிந்தனைக்குரியது. 1665 செப்டம்பர் 7 அன்று ஒரு தையற்காரரின் உதவியாளர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்துவிட்டது. அடுத்த ஆண்டு போதகர் வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன் அங்கு ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லியும், நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவாதபடி ஊரைவிட்டு வெளியேற வேண்டாமென மக்களை இணங்கச் செய்தனர். ஆராதனை திறந்தவெளிக்கு மாறியது. அவரவர் தம் தோட்டத்திலும் வயலிலும் தம் வீட்டாரைப் புதைத்தனர். எலிசபெத் ஹான்காக் என்ற தாய், எட்டே நாட்களில் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தாள். போதகரின் மனைவி கேத்தரினும் 1666 ஆகஸ்டில் மரித்தாள். நோய் ஓய்ந்தபோது ஏறக்குறைய 260 பேர் மறைந்திருந்தனர். ஆலய முற்றத்தில் இடம் பெறாதவர்களின் பெயர்களும் ஆலய ஏட்டில் இடம்பெற்றன.

இந்த வழக்கம் நம் கரைக்கும் வந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. நம் கிராமத்து ஆலயங்களின் பழைய பெட்டிகளிலும் இத்தகைய ஏடுகள் உள்ளன. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் 1969-இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முந்திய தலைமுறையைத் தேடுவோர் சபை ஏட்டை ஒதுக்க முடியாது.

தேடப் போகுமுன் ஊர், ஏறத்தாழ ஆண்டு, தகப்பன் அல்லது கணவர் பெயர் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் பல தேவசகாயங்களும் பல மரியாள்களும் இருப்பார்கள். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியவர்களை வீட்டில் வழங்கிய பெயரால் தேடினால் கிடைக்கமாட்டார்கள். போதகரின் அனுமதி பெற்று, தாள் நொறுங்காதபடி மெதுவாகப் புரட்டுங்கள்.

ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வாசியுங்கள். சாராளின் அடக்கத்தைக் கூறும் அப்பகுதி, நிலத்துக்கு உரியவன், விலை, எல்லை, நின்ற மரங்கள் வரை சொல்கிறது. ஒரு பெண்ணின் கல்லறைக்கு வேதம் அத்தனை இடம் கொடுத்திருக்கிறது. ஆகையால் உங்கள் குடும்பத்தில் எவரும் பேசாத ஒரு குழந்தையின் வரி கண்ணில் பட்டால், அதைக் கடந்து போகாதிருங்கள். பெயரை எழுதிக்கொண்டு வீட்டின் மூத்தவர்களிடம் சொல்லுங்கள். பெயரில்லையேல், தாய் தகப்பன் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். வருகிற கல்லறைத் திருநாளில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

மரித்தோரையும் உயிரோடிருப்போரையும் அறிந்த தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.