தைராய்டு அறுவைக்குப் பின் எழும் புயல்: காரணங்கள் குறித்த ஓர் ஆய்வு

1. சிக்கலின் இயல்பு

தைராய்டு சுரப்பியை அகற்றிய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் சிலருக்குக் கடுங்காய்ச்சல் அடிக்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டும். நோயாளி பிதற்றுவார், வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேரும், இதயம் தளரும். உயிரைப் பறிக்கக்கூடிய இந்நிலையே தைராய்டு புயல். இதைத் தூண்டுவது அறுவை. ஆனால் இதன் வேர் அறுவைக்கு முந்தைய நாட்களில் இருக்கிறது.

2. மூல காரணம்

கிரேவ்ஸ் நோயிலோ நச்சு முடிச்சுக் கழலையிலோ ஹார்மோன் மிகுதி அடங்குமுன் அறுவை செய்வதே முதற்காரணம். சுரப்பியை எடுத்தபின்னும் புயல் வருவது ஏன்? ரத்தத்தில் கலந்துவிட்ட தைராக்சின் என்னும் தைராய்டு ஹார்மோன் பாதியாகக் குறையப் பல நாட்கள் ஆகும். சுரப்பி போனாலும் அது ஊற்றிய ஹார்மோன் உடலில் நிற்கிறது.

ஆயினும் புயலில் சிக்கியவரின் மொத்த ஹார்மோன் அளவு, புயல் வராத மிகைச் சுரப்பு நோயாளியின் அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டியதில்லை. புரதத்தோடு பிணையாத ஹார்மோனின் திடீர் உயர்வும், அட்ரினலினுக்கு உடல் காட்டும் மிகை எதிர்வினையுமே வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

3. தூண்டும் காரணங்கள்

அ) அறுவையின்போது சுரப்பியை அழுத்திக் கையாளுதல்.
ஆ) மயக்கமருந்து, வலி, ரத்த இழப்பு ஆகியவற்றால் அட்ரினலின் பெருகுதல்.
இ) நோய்த்தொற்று.
ஈ) மாத்திரை விடுபடுதல். "வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்றதும், அன்று காலை விழுங்க வேண்டிய தைராய்டு எதிர்ப்பு மருந்தான கார்பிமசோலையும் பீட்டா தடுப்பானான புரோப்ரனலாலையும் நோயாளி தவிர்த்துவிடுகிறார். ஒரு மிடறு தண்ணீரோடு எதை விழுங்கலாம் என்று தெளிவாகச் சொல்லாததன் விளைவு இது.
உ) அயோடின் காலக்கணக்கு தவறுதல். சுரப்பைத் தடுக்கும் அயோடின் மருந்தான லுகால் கரைசல் வழக்கமாக அறுவைக்கு முன் 7 முதல் 10 நாள் வரை தரப்படுகிறது. அறுவை தள்ளிப்போனால் சுரப்பி அயோடினின் தடையை மீறி மீண்டும் சுரக்கத் தொடங்கும்.

4. வரலாற்றுச் சான்று

ஒருகாலத்தில் இவ்வறுவைக்குப் பின் நேர்ந்த மரணங்களுக்குப் புயல் முதன்மைக் காரணமாக இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்றி பிளம்மர் அறுவைக்கு முன் அயோடின் தரும் முறையைக் கொண்டுவந்ததும் இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1940-களில் தைராய்டு எதிர்ப்பு மருந்துகளும், பின்னர் பீட்டா தடுப்பான்களும் வந்தன. புயல் அரிதாயிற்று. முன்தயாரிப்பே பெரும் மாற்றத்தைத் தந்தது என்பது மூல காரணத்தை உறுதிசெய்கிறது.

5. முடிவு

அறுவை நாளைத் தீர்மானிக்க வேண்டியவை தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 ஆகியவற்றின் அளவுகளும் நாடித்துடிப்புமே. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இயல்புக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், அதற்காக மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. தள்ளிப்போட முடியாத அவசரத்தில் பீட்டா தடுப்பான், தைராய்டு எதிர்ப்பு மருந்து, அயோடின், ஸ்டீராய்டு ஆகியவற்றை முன்கூட்டியே தொடங்க வேண்டும். பெரும்பாலும் தடுக்கக்கூடிய இந்த மரணத்தைத் தடுப்பது மருத்துவரின் கடமை.