ஆதன் யார்?

சாத்தூரைத் தொட்டு, கரிசற் காட்டைக் கடந்து, கீழவைப்பாருக்கருகே கடலில் கலக்கிறது வைப்பாறு. முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களிலே வைப்பாரும் ஒன்று. மூச்சையடக்கி மூழ்கி முத்தெடுத்தவர் பரதவர். பங்கு கேட்டு வந்தவர்களோ பாண்டியர், போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர்! அந்தப் பரதவர் வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொன்ன கதை எது? கொற்கையின் கொற்றத்தைச் சொன்னோம், கொற்றவன் மார்பிலே புரண்ட முத்து மாலையைச் சொன்னோம். மூழ்கியவன் பெயரைச் சொன்னோமா?

பெயரற்றவனுக்கும் கதை உண்டு என்று எழுதிக் காட்டினார் ஒருவர். இதே தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியில் 1960-இல் பிறந்த உதயசங்கர். இரயில் நிலைய அதிகாரியாகப் பணியாற்றியவர். கவிதை, சிறுகதை, மலையாளத்திலிருந்து மொழிபெயர்ப்பு எனப் பல துறைகளிலும் எழுதியவர், பின்னர்ச் சிறுவர்க்காகப் பேனாவைத் திருப்பினார். பெரியவர்க்கு எழுதியவர் பிள்ளைகளுக்கு எழுதினால், ஏதோ படியிறங்கி வந்துவிட்டதாகப் பேசுவோர் இங்குண்டு. பேசுவோர் ஒரே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்!

அவர் எடுத்துக்கொண்ட களம் கீழடி. 2014-15-இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது. 2017-18 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டது. கிடைத்த பொருளொன்று கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தது என 2019-இல் வெளியான அறிக்கை கூறிற்று. செங்கற் சுவர்கள், உறைகிணறுகள், தாயக்கட்டைகள், சுடுமண் பொருள்கள் வெளிவந்தன. அவற்றோடு பானை ஓடுகளும் வந்தன. அவற்றிலே தமிழி எழுத்திலே கீறப்பட்ட பெயர்கள்! எண்ணிப் பாருங்கள் தோழர்களே, கல்வெட்டிலே மன்னன் பெயர் இருப்பது வியப்பன்று. அதைப் பொறிக்க ஆளும் உண்டு, அள்ளிக்கொடுக்கப் பொருளும் உண்டு. சோறு பொங்கும் பானையிலே பெயர் எழுதியவன் யார்? எழுத்து எல்லார்க்கும் உரியதன்று என்று பிற்காலத்தார் வகுத்த சட்டம் அவனுக்குத் தெரியாது போலும்!

அப்பெயர்களில் ஒன்று ‘ஆதன்’. அவன் வீரனா, வணிகனா, குயவனா என்பதை ஓடு சொல்லவில்லை. ஓடு சொல்லாததை உதயசங்கர் கதையாக்கினார். ‘ஆதனின் பொம்மை’ எனும் அந்த இளையோர் நாவலிலே, இக்காலத்துச் சிறுவனொருவன் பொம்மையொன்றின் வழியே அக்காலத்து ஆதனைச் சந்திக்கிறான்.

2010-இல் சாகித்திய அகாதமி தொடங்கிய பால சாகித்திய விருது, 2023-இல் இந்நூலுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களிலேதான் கீழடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கீழவைப்பார்ப் பள்ளிப் பிள்ளையொன்று அங்கே கண்ணாடிக்குள் ஓடுகளைக் காணும்போது, எழுத்து புரியாமற் போகலாம். பெயரைச் சொன்னால், “எனக்குத் தெரியுமே!” என்று அது சொல்லும்.