நலமான சிந்தனைத் திட்டம்

நலமான சிந்தனைத் திட்டம் என்பது, கருவுற்ற தாய்மாருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் வரும் மனச்சோர்வை ஆற்றுவதற்கு, மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத ஊர்ப்புறச் சுகாதாரப் பணிப்பெண்களைப் பயிற்றுவிக்கும் முறையாகும். பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் உருவான இம்முறையை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கையேடாக வெளியிட்டது. மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள நாடுகளில் தாய்மாரின் மனநலத்தை யார் கவனிப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த முக்கியமான விடைகளுள் இதுவும் ஒன்று.

முன்வரலாறு

பேறுகாலத்தில் பெண்களுக்கு மனநோய் வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்டர் மார்சே 1858-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் அந்நூலின் கவனம் கடுமையான நோய்களின் மீது இருந்தது. அழுகையும் அயர்ச்சியும் குற்ற உணர்வுமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கும் சாதாரண மனச்சோர்வு பல காலம் எவர் கண்ணிலும் படவில்லை. "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுவது எல்லா நாட்டிலும் வழக்கம்.

இந்த நிலையை மாற்றியதில் பெரும் பங்கு பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளுக்கு உண்டு. உகாண்டாவில் கர்ப்பிணிகளிடையே ஆய்வு செய்த அனுபவமுள்ள மனநல மருத்துவர் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து 1987-இல் எடின்பரோ பேற்றுப்பின் மனச்சோர்வு அளவுகோலை வெளியிட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. கடந்த ஏழு நாள் மனநிலையைத் தாயே குறிக்க வேண்டும். தூக்கமின்மை, களைப்பு, பசியின்மை போன்ற உடற்குறிகளுக்கு அதில் வேண்டுமென்றே இடம் குறைக்கப்பட்டது. கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய்க்குத் தூக்கம் கெடுவது இயல்புதானே. அதைக் கணக்கில் எடுத்தால் எல்லாத் தாய்மாரும் நோயாளிகளாகிவிடுவர்.

இதே மூவர் 1989-இல் ஸ்காட்லாந்தில் இன்னொரு சோதனை செய்தனர். வீடுவீடாகச் சென்று குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியருக்குக் குறுகிய பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற தாய்மாரின் பேச்சை வாரந்தோறும் அரை மணி நேரமாவது காதுகொடுத்துக் கேட்கச் செய்தனர். இப்படி எட்டு வாரம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இவ்வாறு கவனிக்கப்பட்ட 26 பேரில் 18 பேர் முழுதும் தேறியிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் 9 பேரே தேறியிருந்தனர். சிறிய ஆய்வுதான். ஆனாலும் இவ்வேலைக்கு மனநல மருத்துவரே வேண்டும் என்பதில்லை என்று அது காட்டியது.

ராவல்பிண்டிக் கிராமங்கள்

பாகிஸ்தானைச் சேர்ந்த மனநல மருத்துவர் அதிஃப் ரகுமானும் உடன் ஆய்வாளர்களும் ராவல்பிண்டிக் கிராமப் பெண்களிடையே நடத்திய கணக்கெடுப்பில், கர்ப்ப காலத்தில் 25 விழுக்காட்டினரும் பேற்றுக்குப் பின் 28 விழுக்காட்டினரும் மனச்சோர்வுற்றிருந்தது தெரியவந்தது. இது 2003-இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் கவலை தந்தது: மனச்சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து, அடிக்கடி வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டனர். தாயின் மனச்சோர்வைக் குழந்தை நலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய தேவை இதனால் எழுந்தது.

அங்கே ஏற்கெனவே ஒரு பணிப்படை இருந்தது. பெனசீர் பூட்டோ ஆட்சியில் 1994-இல் தொடங்கப்பட்ட லேடி ஹெல்த் ஒர்க்கர் திட்டத்தில், எட்டாம் வகுப்பாவது படித்த உள்ளூர்ப் பெண்கள் சுமார் 1,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அமர்த்தப்பட்டிருந்தனர். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பிணி கவனிப்பு முதலியவை அவர்கள் வேலை. எந்த வீட்டுக்குள்ளும் தடையின்றி நுழையக்கூடியவர்கள்.

இவர்களுக்கு அளித்த பயிற்சி இரண்டு நாள்; நான்கு மாதம் கழித்து ஒருநாள் மீள்பயிற்சி; பின் மாதந்தோறும் அரைநாள் குழுவாகக் கூடி, களத்தில் கண்ட சிக்கல்களை மேற்பார்வையாளருடன் பேசுவது. இதில் இரண்டு நாள் பயிற்சியைவிட மாதாந்திரக் கூட்டமே உயிர்நாடி எனலாம். ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரும் இதை ஒப்புக்கொள்வர். வகுப்பறையில் கேட்டது வகுப்பு எடுக்கும்போதுதான் விளங்கும்.

கற்றுத்தந்தது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் எளிய வடிவம். அதற்கு மூன்று படிகள்: நலங்கெடுக்கும் எண்ணத்தை அடையாளம் காண்பது, அதன் இடத்தில் நலமான எண்ணத்தை வைக்கப் பழகுவது, அதைச் செயலில் காட்டுவது. "என் தலையெழுத்து இது, என்ன செய்தாலும் பிள்ளை இளைத்துத்தான் போகும்" என்று தாய் நினைத்தால், அதை மறுத்து வாதிடாமல், படங்களைக் காட்டி, இன்று பிள்ளைக்குச் செய்யக்கூடிய ஒரு சிறு வேலையைத் தாயுடன் சேர்ந்து தீர்மானிப்பார் பணிப்பெண். தாயின் உடல்நலம், தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவு, சுற்றியுள்ளோருடனான உறவு ஆகிய மூன்றையும் சுற்றியே பேச்சு அமையும்.

திட்டத்தின் பெயரில் "நோய்", "மனச்சோர்வு" என்ற சொற்கள் இல்லாதது தற்செயல் அன்று. மனநோய்க்குச் சிகிச்சை என்றால் வாசலிலேயே மறுக்கும் மாமியார், பேரக்குழந்தை நன்றாக வளர ஆலோசனை என்றால் தாமும் வந்து உட்காருவார். பயிற்சியின் மிக நுட்பமான பகுதி இதுவே.

சோதனையும் முடிவும்

குஜர் கான், கல்லர் சையதான் ஆகிய வட்டங்களின் 40 யூனியன் கவுன்சில்களைச் சரிபாதியாகக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு பாதியில் பயிற்சி பெற்ற பணிப்பெண்கள். மறுபாதியில் இப்பயிற்சி பெறாதவர்கள். இரு பக்கமும் வீட்டுக்குச் சென்ற தடவைகள் ஒரே எண்ணிக்கை: கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் வாரம் ஒன்றாக நான்கு, பேற்றுக்குப் பின் முதல் மாதத்தில் மூன்று, பிறகு மாதம் ஒன்றாக ஒன்பது, ஆக 16. ஆகவே வேறுபாடு ஏதும் தென்பட்டால், அது வெறுமனே வந்து போனதால் விளைந்தது என்று சொல்ல முடியாது. இதற்கு முன் மனச்சோர்வை உறுதிசெய்யும் வேலையை மனநல மருத்துவர்களே செய்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும்; பணிப்பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது ஆற்றும் வேலை.

2008-இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்றவர்கள் கவனித்த தாய்மாரில் 23 விழுக்காட்டினரும், மறுபக்கம் 53 விழுக்காட்டினரும் மனச்சோர்வில் இருந்தனர். ஓராண்டில் இது 27, 59 என இருந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் குறைந்தது. தடுப்பூசி போட்டோர் கூடினர். தந்தையரும் பிள்ளையோடு விளையாடும் நேரம் கூடிற்று. ஆனால் ஆய்வின் முதன்மை எதிர்பார்ப்பான எடை, உயர வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏழு வயதில் அதே பிள்ளைகளைப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வும் இரு பிரிவினரின் வளர்ச்சியில் வேறுபாடு காணவில்லை. தாய் தேறினாள் என்பதே போதாதா என்று கேட்கலாம், போதும்தான். பிள்ளையின் பெயரைச் சொன்னால்தான் தாய்க்குக் கவனிப்புக் கிடைக்கும் என்ற நிலைதான் வருத்தத்துக்குரியது.

பணிப்பெண்களின் சுமையும் மறைக்கத்தக்கதன்று. இதே ஆய்வுக்குழு செய்த கணக்கெடுப்பில் அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பணி அழுத்தத்தில் இருந்தனர். போதாத ஊதியம், நெடுந்தூரம் நடப்பது, மருந்துகள் சீராக வராதது ஆகியவை காரணங்கள். அடுத்தவர் மனச்சுமையைக் கேட்க அனுப்பப்பட்டவர்கள் இவர்கள்.

தமிழகத் தொடர்பு

தமிழ்நாட்டில் வேலூருக்கு அருகே கணியம்பாடி வட்டாரத்தில் செய்யப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு 11 விழுக்காடாக இருந்தது. குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் மனக்கசப்பு, உடனிருந்து உதவ ஆள் இன்மை ஆகியவை அதனோடு சேர்ந்து வந்தன. எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவம் 2005-இல் சரிபார்க்கப்பட்டது. முதல் ஆங்கில வடிவத்தில் 12-க்கு மேல் எடுத்தவர்களைக் கவனிக்கச் சொன்னார்கள். தமிழில் 8-க்கு மேல் என்பதே பொருத்தமாக அமைந்தது. அளவுகோலை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, அந்தந்த மண்ணில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

பின்னர்

2015 கையேடு, உலக சுகாதார நிறுவனத்தின் எளிய உளவியல் உதவி வரிசையில் முதலாவது. அடுத்த முயற்சியாக, சம்பளப் பணிப்பெண்களுக்குப் பதில் அதே ஊர்த் தாய்மாரையே பயிற்றுவித்துப் பார்த்தனர். கோவாவில் இவர்கள் "சகி" என்றும், ராவல்பிண்டியில் "ரசாக்கார்" என்றும் அழைக்கப்பட்டனர். 2019-இல் வெளிவந்த முடிவுகள் 2008 அளவுக்கு இல்லை: கோவாவில் ஆறு மாதத்தில் தேறியோர் ஓரளவு கூடினர், ராவல்பிண்டியில் ஆறு மாதத்தில் தெளிவான பயன் தெரியவில்லை.