மஞ்சட்பூவும் நீலச்சாயமும்

மலரைக் கண்டு சாயத்தை மதிப்பிடுவோர் ஏமாறுவர் என்பதற்கு, ஆங்கிலேயர் ‘வோட்’ என்றழைக்கும் செடியே தக்க சான்றாகும். கடுகின் இனத்தைச் சேர்ந்த இச்செடி ஐரோப்பாவின் வெற்றுநிலங்களில் தானே முளைத்து மஞ்சட்பூக்களைச் சொரிவது. இலையில் உறைவதோ நீலம்.

அவ்விலையை அரைத்து, உருண்டைகளாக்கி உலர்த்தி, பின்னர் நீர் தெளித்து வாரக்கணக்கிற் புளிக்க வைப்பர். நாற்றம் பொறுக்கலாற்றாது. இங்கிலாந்தின் எலிசபெத் அரசி 1585-இல் தம் மாளிகைகளின் அண்டையில் இதனைப் பயிரிடலாகாதென ஆணையிட்டார். அந்நாற்றத்தினூடே உழைத்தவரின் மூக்கு யாருக்குப் பொருட்டு! பிரான்சின் துலூஸ் நகரில் இச்சாய வியாபாரிகள் எழுப்பிய மாளிகைகள் இன்றும் நிற்கின்றன.

1498-இல் கடல்வழி திறந்தபின் நம் நாட்டு அவுரி நீலம் கப்பல் கப்பலாக அங்கே சென்றது. இரண்டிலும் உள்ள சாயப்பொருள் ஒன்றே. அவுரியில் அது மிகுதி. போட்டிக்கு அஞ்சியவர்கள் சட்டத்தை நாடினார்கள். ஜெர்மானிய நாடுகளில் அவுரியைப் ‘பிசாசின் சாயம்’ என ஏசி விலக்கினர். பிரான்சின் நான்காம் ஹென்றி மன்னர் 1609-இல் அதனைப் பயன்படுத்துவோர்க்கு மரணதண்டனையே விதித்தார். பிசாசோ அசையவில்லை, இலாபம் மிகுந்தது என்று கண்டதும் தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன.

ஒருகாலத்தில் பிசாசாயிருந்த அதே அவுரியை, பின்னர் வங்காளக் குடியானவன் நெல் விளையும் நிலத்தில் விதைத்தே தீரவேண்டுமென வெள்ளைத் துரைமார் நெருக்கினர். முன்பணம் தந்து கடனிற் பிணித்தனர். முன்பணம் என்றால் என்னவென்று, கங்காணி வழி வந்த குடும்பங்களுக்கு நாம் விளக்கவேண்டுமா? 1859-இல் குடியானவர்கள் விதைக்க மறுத்துக் கிளர்ந்தனர். மறுவருடம் தீனபந்து மித்ராவின் ‘நீல தர்ப்பணம்’ நாடகம் வெளிவந்தது.

பீகாரின் சம்பாரணிலோ நிலத்தில் இருபதில் மூன்று பங்கு அவுரிக்கென்று கட்டாயம் இருந்தது. 1897-இல் ஜெர்மனியின் ஆலைநீலம் சந்தைக்கு வந்து அவுரி விலை சரியவே, துரைமார் நட்டத்தைத் தாங்கினார்களா? இல்லை. விதைக்கும் கடமையிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லிக் குத்தகையை உயர்த்தினர். 1917-இல் காந்தியடிகள் அங்கே சென்று விசாரித்தது இக்கொடுமையைத்தான்.

மஞ்சட்பூச் செடியின் கதி என்ன? அவுரிச் சாயத்தொட்டியைப் புளிக்கச் செய்யும் உறையாக, தன்னை வென்ற சாயத்துக்கே ஏவல் புரிந்து, அது நெடுநாள் பிழைத்திருந்தது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எஞ்சியிருந்த ஆலை 1932-இல் மூடப்பட்டது.